தறிக்கும் ஒரு வீடு வேண்டும்

தணிக்கைக்குச் சென்ற இடத்தில் காஞ்சிபுரத்து இளம் நெசவாளர் ஒருவரைச் சந்தித்தோம். மனைவியும் கைக்குழந்தையும் உடைய அவர், ஓராண்டாக வீடு தேடுகிறார். "தறி உண்டா?" என்பதே எங்கும் முதற்கேள்வி. உண்டென்றால் வீடு இல்லை. குழித்தறிக்குத் தரையைத் தோண்ட வேண்டும். எந்த வீட்டுக்காரர் இசைவார்? இசைந்த ஒரே வீடும் தாழ்ந்த மனையில் உள்ளது. மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறும், தறி நிற்கும், கூலியும் நிற்கும், வாடகை மட்டும் நில்லாது.

"மேட்டில் ஒரு தறி, தார் சுற்ற ஒரு திண்ணை, இவ்வளவுதான் சார் அவள் கேட்பது" என்றார் அவர். இது பேராசையா?

1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களுக்கே இடந்தந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் பிற நோக்கங்களுக்கும் வழி திறந்தது. வீடு கட்டும் சங்கங்களும் பெருகின. ஆயினும், மனைப் பத்திரம் காட்டுவோர்க்கே கடன் என்றால் மனையில்லாதார் என் செய்வர்?

பத்துக் குடும்பங்கள் மாதந்தோறும் சிறுதொகை சேர்த்து ஒன்றாக நிலம் தேடலாம். புஞ்சை மேட்டை விற்க எண்ணும் விவசாய அங்கத்தினர் முதலில் சங்கத்திடம் சொல்லட்டும். பட்டா, வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகியவற்றைப் பாராமல் முன்பணம் தரலாகாது. பத்திரத்தில் மனைவியின் பெயரும் இருக்கட்டும்.

நூலும் கூலியும் கொடுத்ததோடு சங்கத்தின் கடமை முடிந்ததன்று. அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனைக் கேட்பார்களாக.