கோடு போடாத இடமெல்லாம் கொள்ளைக்காடா?

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றான். ஆறாம் வகுப்புப் படிக்கிறான். "தாத்தா, பாலத்தை உடைச்சிட்டாங்க" என்றான். எந்தப் பாலமோ என்று பதறிப்போனேன். மைன்கிராஃப்டில் அவனும் அவன் சிநேகிதனும் சேர்ந்து கட்டிய ரயில் பாலமாம்.

"விளையாட்டுதானே, விடுடா" என்று அனுப்பியிருப்பேன். ஆனால் அந்த சர்வரை நடத்துகிறவர் அனுப்பியிருந்த பதிலைக் காட்டினான். நீ கிளெய்ம் போடவில்லை, கிளெய்ம் போடாத இடத்தில் உடைப்பது குற்றமில்லை என்று எழுதியிருந்தது. நில அளவைத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் சங்கிலி பிடித்தவன் நான். இதே நியாயத்தை எத்தனையோ வரப்புகளில் நின்று கேட்டிருக்கிறேன். சும்மா இருக்க முடியவில்லை.

விளையாட்டு தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். எல்லாமே கட்டி கட்டியாக இருக்கும் உலகம் அது. வெட்டலாம், அடுக்கலாம், கட்டலாம். பலர் சேர்ந்து ஆட ஒரு சர்வர் வேண்டும். அதில் விளையாட்டே தருகிற காவல் ஒன்றே ஒன்றுதான். எல்லோரும் முதலில் வந்து இறங்கும் இடத்தைச் சுற்றி 33க்கு 33 கட்டம். அங்கே நிர்வாகியைத் தவிர யாரும் கை வைக்க முடியாது. அதாவது, பண்ணையார் வீட்டு வாசலுக்கு மட்டும் வாட்ச்மேன்!

மற்றவர்களுக்காக வந்தவைதான் ப்ளகின்கள். கிரீஃப் பிரிவென்ஷன் என்று ஒன்று. தங்க மண்வெட்டியால் எதிரெதிர் மூலை இரண்டைத் தொட்டால் உள்ளே இருப்பது உங்கள் இடம். அடுத்தவன் ஒரு கல்லைக்கூடப் பெயர்க்க முடியாது. நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். வழக்கமான அமைப்பில் புதிதாக வருபவனுக்கு 100 கட்டம். அதாவது 10க்கு 10. பிறகு ஆடுகிற ஒவ்வொரு மணிக்கும் 100. என் மருமகள் பையனுக்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் அனுமதிக்கிறாள். பாலம் 120 கட்டம் நீளம். குறைந்தது 5 கட்டம் அகலம் வேண்டும் என்பது அங்கே விதி. ஆக 600. வீட்டுக்கே முதல் 100 போய்விட்டது. பாலத்தை மூன்றே வாரத்தில் கட்டிவிட்டார்கள். பதிவு செய்ய ஆறு வாரம்! நாள் முழுக்க உட்கார்ந்து ஆடுகிறவனுக்கு ஒரே நாளில் 800. யாருக்காகப் போட்ட விதி இது?

இன்னொன்று. கோர்ப்ரொடெக்ட் என்று ஒரு ப்ளகின் இருக்கிறது. யார், எப்போது, எந்தக் கல்லை உடைத்தார் என்று குறித்து வைக்கும். ஒரு கட்டளையில் பழையபடி ஆக்கியும் தரும். அந்த சர்வரில் அது இருக்கிறது. உடைத்தவர் யார் என்று அவர்களுக்குத் தெரியும். திருப்பிக் கட்ட அரை நிமிடம் போதும். "கிளெய்ம் இல்லை" என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள்.

நம் ஊரில் புறம்போக்கில் ஒருவர் மரம் வைத்து வளர்த்தால் நிலம் அவருடையது ஆகிவிடாது. ஆனாலும் மரத்தின் பலனை அனுபவிக்க 2 சி பட்டா என்று ஒன்று கொடுப்பதுண்டு. மண் வேறு, உழைப்பு வேறு என்பது வருவாய்த்துறைக்கே தெரிந்திருக்கிறது.

நிர்வாகிகள் பக்கமும் நியாயம் உண்டு. பலர் சம்பளமில்லாமல் பார்க்கிறார்கள். கைவிட்டுப் போனவர்களின் கட்டடங்கள் குவிந்தால் இடம் அடையும். சரி, பல மாதம் வராதவன் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நேற்றுக் கட்டிய பாலத்துக்கும் பாழடைந்த வீட்டுக்கும் வித்தியாசம் தெரியாதா? 2பி2டி என்று 2010 முதல் நடக்கும் ஒரு சர்வர் உண்டு. அங்கே விதியே கிடையாது. உடைப்பார்கள் என்று தெரிந்துதான் போகிறார்கள். அதில்கூட ஒரு நேர்மை இருக்கிறது. "சிறுவர்களுக்குப் பாதுகாப்பானது" என்று சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, உடைந்ததும் மண்வெட்டியைக் காட்டுவதில் என்ன நேர்மை?

என்னைக் கலக்கியது பையன் அடுத்துக் கேட்டதுதான். "அப்போ கிளெய்ம் இல்லாத இடத்துல மத்தவங்க கட்டினதை நானும் உடைக்கலாம், இல்ல தாத்தா?"

விதி கற்றுக்கொடுத்த பாடம் இது. கோடு சண்டை வந்தால் தீர்ப்பதற்கு. கோடு இல்லாத இடத்திலும் நீ கட்டாததை நீ உடைக்காதே என்பதுதான் முதல் விதியாக இருக்க வேண்டும். அப்படி எழுதி வைத்திருக்கும் சர்வர்களும் இருக்கின்றன.

"கூடாதுடா" என்றேன். "ஏன்?" என்றான். "அதைக் கட்டின பையனும் அவன் தாத்தாகிட்ட போய் நிப்பான்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். இப்போது வேறு சர்வர் தேடிக்கொண்டிருக்கிறோம். இந்த முறை விதிகளை நான் முதலில் படிக்கிறேன். பேரன் பேத்தி ஆடும் வீடுகளில் நீங்களும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.