நாலு ஜோடிப் பாதம்

"அம்மா, இந்தக் குளிர்காலத்தில் ஸ்விட்ஜர்லாந்துக்குப் போய்ப் பனிச்சறுக்குக் கற்றுக்கொண்டால் என்ன?" என்று என் மகன் கேட்டபோது, நான் சமையலறையில் வஞ்சிர மீனைக் கழுவிக்கொண்டிருந்தேன். அன்று காலை காசிமேட்டில் வாங்கிய மீன். அதோடு வந்த ஐஸ் துண்டுகள் தொட்டியில் கரைந்துகொண்டிருந்தன.

"பனிதானே வேண்டும்? இதோ இருக்கிறது. ஆசை தீரச் சறுக்கிக்கொள்" என்றேன்.

ராயபுரத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தாறு வருஷமாகிறது. எங்களுக்குத் தெரிந்த பனியெல்லாம் இவ்வளவுதான்: பாளம் பாளமாக வந்து, பொடிபட்டு, மீனுக்காக விசைப்படகில் கடலுக்குப் போகும் பனி. மார்கழியில் கொஞ்சம் குளிர் காற்று அடித்தாலே எங்கள் தெருவில் பெரியவர்கள் எல்லாம் காதை மூடிக் குல்லாய் போட்டுக்கொள்வார்கள். நாங்களாவது, பனிமலையாவது!

ஆனாலும் பையன் விடவில்லை. "திருவொற்றியூரில் 1955-ல் என்பீல்டு தொழிற்சாலை வந்ததே ராணுவத்துக்கு புல்லட் வண்டி செய்யத்தானே? நம்ம ஊர் வண்டி இமயமலை ஏறலாம், நாம் ஏறக்கூடாதா?" என்றான். என் வீட்டுக்காரருக்கு வாய் அடைத்துப்போயிற்று. எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷம் உழைத்தவர் அவர். நம்ம பக்கத்து இயந்திரங்களைப் பற்றி யார் புகழ்ந்தாலும் உருகிவிடுவார். அன்றிரவே ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்கி வந்து, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டார்.

முதலில் ஆல்ப்ஸ் மலைக் கணக்கைப் போட்டோம். அந்த மலைகளின் பெருமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. செயிண்ட் மோரிட்ஸ் என்ற ஊரில் 1928-லும் 1948-லுமாக இரண்டு முறை குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்திருக்கின்றன. ஏறுவதற்குக் கம்பி வண்டி, கற்றுக்கொடுக்கப் பள்ளிக்கூடம், விழுந்தால் தூக்கிவர ஆள் என்று தலைமுறை தலைமுறையாகப் பழகிவிட்ட ஏற்பாடு. ஆனால் செலவு? விமான டிக்கெட்டோடு அது நின்றுவிடுவதில்லை. ஷெங்கன் விசாவுக்கு மனுப் போட வேண்டும்; அதற்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுத்துக் காட்ட வேண்டும். பிறகு தினம் தினம் மலை ஏறுகிற சீட்டு, பலகை வாடகை, பூட்ஸ் வாடகை, வாத்தியார் சம்பளம், மலை மேலே ஒரு கோப்பை சூப்! இதையெல்லாம் நாலால் பெருக்கினபோது நோட்டுப் புத்தகமே நடுங்கியது.

அந்தத் தேசத்தில் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்குச் சமாசாரம் வேறு. 1980-களிலிருந்து எத்தனையோ இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் அங்கே போய் நிலைத்திருக்கின்றன. தங்க ஒரு வீடும், இரவுக்குச் சோறும் ரசமும் கிடைக்குமானால் பாதிச் செலவு மிச்சம். எங்களுக்கு அப்படி யாருமில்லை. அதோடு, பலகையைக் கட்டிக்கொண்டு முதல் நாள் நின்றதுமே "ஐயோ, இது நமக்கு ஒத்துவராது" என்று தோன்றிவிட்டால், அத்தனை பணமும் பனியோடு பனியாகக் கரைந்துவிடுமே! ஆகவே, முதலில் நம் தேசத்திலேயே கற்றுக்கொள்வது, பிடித்துப்போனால் பிற்பாடு ஆல்ப்ஸைப் பற்றி யோசிப்பது என்று தீர்மானமாயிற்று.

நம் தேசத்தில் என்றால் காஷ்மீரத்துக் குல்மார்க். ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியைவிட நானூறு மீட்டர் அதிகம். 1927-லேயே ஆங்கில அதிகாரிகள் அங்கே பனிச்சறுக்குச் சங்கம் ஆரம்பித்தார்கள். இப்போது 'கோண்டோலா' என்கிற கம்பி வண்டி இரண்டு கட்டமாக மலை ஏறுகிறது. முதல் கட்டம் 1998-லும் இரண்டாவது 2005-லும் வந்தன. இரண்டாவது கட்டத்தில் இறங்கினால் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரம். 2022-ல் பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் ஆரிப் கான் இந்தச் சரிவுகளில் பழகியவர்தான்.

மனத்தில் ஒரு நடுக்கம் இல்லாமலில்லை. 2025 ஏப்ரலில் பகல்காமில் 26 உயிர்கள் போனதை மறந்துவிட்டு யார் காஷ்மீரத்துக்குத் திட்டம் போட முடியும்? அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். ரத்துச் செய்தால் பணம் திரும்பி வரும் டிக்கெட்டும் அறையும் மட்டும்தான் எடுப்பது. புறப்படும் வாரத்தில் அரசாங்க அறிவிப்பைப் பார்ப்பது. "வேண்டாம்" என்றிருந்தால் மறுபேச்சில்லாமல் வீட்டில் இருந்துவிடுவது.

அடுத்த கேள்வி, எந்த மாதம்? "டிசம்பர் லீவில் போகலாம்" என்றாள் மகள். பனிக்கு நம் பள்ளிக்கூட லீவு தெரியுமா? 2024 ஜனவரியில் குல்மார்க் பனியே இல்லாமல் வெறும் புல்லும் மண்ணுமாகக் கிடந்தது. 2025-ல் பிப்ரவரிக் கடைசியில் நடக்க வேண்டிய தேசியக் குளிர்கால விளையாட்டுகளைப் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளி வைத்தார்கள். ஆகவே பிப்ரவரியின் நடுப்பகுதி என்று குறித்துக்கொண்டோம். அப்போதும் பனி பெய்யும் என்று எழுதிக் கொடுக்க ஆளில்லை!

இதுவரையில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. பூட்ஸ் அளவு எடுக்கிற நாள்தான் வந்தது வினை.

பனிச்சறுக்குப் பூட்ஸுக்கு நம் செருப்புக்கடை நம்பர் உதவாது. பாதம் எத்தனை சென்டிமீட்டர் நீளமோ அதுதான் அளவு. வீட்டிலேயே எடுக்கலாம். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், குதிகால் சுவரில் படும்படி காகிதத்தின் மேல் நின்று, கட்டைவிரல் நுனியில் பென்சிலால் கோடு போட்டு அளந்தால் முடிந்தது. அவர் தரையில் நியூஸ் பேப்பரை விரித்து, பையனை நிற்க வைத்தார், பெண்ணை நிற்க வைத்தார், தாமும் நின்றார். பாதத்தைச் சுற்றிப் பென்சில் ஓட்டி, பக்கத்தில் அளவையும் எழுதினார். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பேப்பரை மடிக்கப் போனார்.

நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார், "ஏண்டா, நாலு பேர் போறதாச் சொன்னீங்க. பேப்பர்ல மூணு பேர் காலுதானே இருக்குது?" என்று கேட்டார்.

"அம்மா சறுக்க வேண்டாமே, ஆயா! பையெல்லாம் யாராவது பார்த்துக்கணுமில்லை?" என்றான் பையன். அவன் கெட்டவனல்ல. என்னிடம் மிகுந்த பிரியம் உள்ளவன். அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது.

யோசித்துப் பார்த்தேன். மாமல்லபுரத்தில் எல்லோரும் அலையில் விளையாடும்போது செருப்பையும் மூக்குக்கண்ணாடியையும் காவல் காத்தவள் யார்? கொடைக்கானலில் படகில் மூன்று பேர் போனபோது கரையில் பையோடு உட்கார்ந்திருந்தவள் யார்? யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. "நீங்க போங்க, நான் இருக்கேன்" என்று நானேதான் சொன்னேன். இருபத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டே வந்தால், பிறகு கேட்கவேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றாது. பாதித் தப்பு என்னுடையதுதான்.

புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரோரம் போய் நின்றேன். "எனக்கும் வரையுங்க" என்றேன்.

அவர் ஒரு கணம் விழித்தார். "உன் முழங்கால்..." என்று ஆரம்பித்தார்.

"அதை டாக்டர் சொல்லட்டும். நீங்க காலை வரையுங்க."

வரைந்தார். 23 சென்டிமீட்டர்.

பயமில்லை என்று நான் சொன்னால் அது பொய். நாற்பத்தொன்பது வயதில் எலும்பு முறிந்தால் எங்கள் வீட்டில் அடுப்பும் முறிந்த மாதிரிதான். ஆகவே, துணிந்த பிறகு செய்ய வேண்டியவற்றைச் சரியாகச் செய்ய வேண்டுமென்று தீர்மானித்தேன். என்னைப் போல் யோசிக்கும் சகோதரிகளுக்காக நோட்டுப் புத்தகத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, உடம்பு. டாக்டர் என் முழங்காலைப் பார்த்து, தொடைச் சதை பலப்பட்டால் போகலாம் என்றார். புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே தினமும் மாடிப்படி ஏறி இறங்குவது, முதுகைச் சுவரில் சாய்த்து நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்வது போல் அரை நிமிஷம் நிற்பது, கடற்கரை மணலில் நடப்பது. மணல் நடையைப் போல் காலுக்கு வேலை வாங்குவது வேறில்லை. இருதயக் கோளாறு, மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் கட்டாயம் டாக்டரைக் கேட்க வேண்டும். 2,500 மீட்டருக்கு மேலே சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும். அதனால் முதல் இரவு ஸ்ரீநகரில். குல்மார்க் போன அன்று ஓய்வு. கோண்டோலாவின் இரண்டாவது கட்டம் கடைசி நாளில்தான்.

இரண்டாவது, துணி. நம் வெயிலுக்கு உயிராக இருக்கும் பருத்தி, பனிக்குப் பகை. வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே இருந்து உடம்பை நடுங்க வைக்கும். உள்ளே கம்பளியோ பாலியெஸ்டரோ, நடுவில் கதகதப்பான சட்டை, வெளியே தண்ணீர் புகாத கோட்டும் கால்சட்டையும். காலுறை ஒரு ஜோடி போதும். இரண்டு போட்டால் பூட்ஸ் இறுக்கி ரத்த ஓட்டம் குறைந்து, இன்னும் குளிரும். வெள்ளைப் பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுத்துவிடும் என்பதால் கறுப்புக் கண்ணாடி அவசியம். பலகை, பூட்ஸ், தடி, தலைக்கவசம் எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். ஒன்றையும் வாங்க வேண்டாம்.

மூன்றாவது, விழக் கற்பது. ஆமாம், நிற்பதற்கு முன்னால் விழத்தான் கற்க வேண்டும்! தடுமாறினால் பின்பக்கம் கையை ஊன்றக்கூடாது. பக்கவாட்டில், மேட்டுப் பக்கமாக உட்கார்வது போல் சாய்ந்துவிட வேண்டும். எழும்போது பலகைகள் சரிவுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுந்த மறு கணமே பிரயாணம் தொடங்கிவிடும்! வேகத்தை அடக்குவதற்குப் பலகைகளின் முனைகளை நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி, பனியை உழுவது போல் தள்ள வேண்டும். ஆரம்பக்காரர்களுக்கு அடிவாரத்துச் சிறு சரிவே போதும். 2024 பிப்ரவரியில் குல்மார்க்கில் வழக்கமான பாதையை விட்டு மலைப்பக்கம் போனவர்கள் பனிச்சரிவில் சிக்கி, வெளிநாட்டுக்காரர் ஒருவர் இறந்துபோனார். வாத்தியார் காட்டிய எல்லைக்கு அப்பால் ஓர் அடிகூட வேண்டாம்.

நான்காவது, சில்லறை விஷயங்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது பனிச்சறுக்கு அதில் சேர்த்தியா என்று படித்துப் பாருங்கள். பல திட்டங்களில் இருப்பதில்லை. வெளி மாநில ப்ரீபெய்டு சிம் காஷ்மீரத்தில் பேசாது, போஸ்ட்பெய்டு வேண்டும். கோண்டோலாச் சீட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள். பனி கொட்டினால் ஸ்ரீநகர் விமானம் நின்றுவிடும்; ஆகவே ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் திரும்பி வருவது ரயிலில். 2025 ஜூனில் கட்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. ஆற்றுக்கு 359 மீட்டர் மேலே செனாப் பாலத்தைத் தாண்டி வரலாம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ந் தேதி எங்கள் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது என்பதால், ரயில் இல்லாத பிரயாணத்தை என் வீட்டுக்காரர் பிரயாணமாகவே மதிப்பதில்லை.

கடைசியாக ஒன்று, எல்லாவற்றிலும் பெரியது: மாமியாரை யார் பார்த்துக்கொள்வது? அவருக்கு எழுபத்தாறு வயது. அந்த உயரம் ஆகாது. இந்த ஒரு கேள்வியாலேயே எத்தனை வீடுகளில் பெண்கள் வாசலைத் தாண்டாமல் இருக்கிறார்கள்! நான் தயங்கித் தயங்கித் திருவொற்றியூரில் இருக்கும் நாத்தனாரைக் கேட்டேன். "பத்து நாள்தானே அண்ணி? என் அம்மாவை நான் பார்த்துக்க மாட்டேனா? இத்தனை வருஷமா நீங்க ஒரு தடவைகூடக் கேட்கலியே!" என்றாள். கேட்காததும் என் தப்புத்தான்!

"அப்போ பைகளை யாரும்மா பார்த்துக்கிறது?" என்று பையன் மறுபடியும் கேட்டான்.

"ஓட்டல் அறைக்குப் பூட்டு இருக்குமாம்" என்றேன்.

பாதம் வரைந்த அந்த நியூஸ் பேப்பரைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் பீரோவில் வைத்திருக்கிறேன். பனி பெய்யுமோ, பெய்யாதோ. நான் ஐந்தடி சறுக்குவேனோ, ஐம்பது தடவை விழுவேனோ! போய் வந்து அதையும் எழுதுகிறேன். இப்போதைக்கு உங்களிடம் ஒன்றுதான் சொல்ல வேண்டும். பனிமலைக்கோ பக்கத்து ஊருக்கோ, உங்கள் வீட்டில் யாத்திரைத் திட்டம் போட நோட்டுப் புத்தகத்தைத் திறக்கும்போது, உங்கள் பாதமும் அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பென்சிலை நீங்களே எடுங்கள்.