கலைக்களஞ்சியத்தில் நுழையும் விளம்பரம்: காவல் யார் பொறுப்பு?

புதுதில்லி: எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்ற நம்பிக்கையில் 2001-ல் தொடங்கப்பட்டது விக்கிப்பீடியா. அந்தத் திறந்த வாசல் வழியே நிறுவனங்களின் விளம்பரமும் உள்ளே நுழைகிறது. அதைத் தடுக்கத் தன்னார்வலர்களின் விழிப்பு மட்டும் போதாது என்பதை, தில்லியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய ஐஐபிஎம் மேலாண்மைக் கல்வி நிறுவனத்தின் விவகாரம் உணர்த்துகிறது.

ஹைதராபாத், சென்னை உள்ளிட்ட நகரங்களிலும் வளாகங்களை நடத்திய இந்நிறுவனம், பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் பெற்றதன்று. ஆயினும், ஐஐஎம்-களையும் விஞ்சியது என்ற தொனியில் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள் வெளியாயின.

விக்கிப்பீடியாவில் அந்நிறுவனம் பற்றிய கட்டுரையைத் தொடர்ந்து திருத்தி வந்தவர், 'வைஃபைஒன்' என்ற புனைபெயர் கொண்ட பயனர். 2010-ல் நிர்வாகியாகவும் உயர்ந்தார். பாதகமான தகவல்களை நீக்கிவிட்டுப் புகழுரையைத் தக்கவைக்கிறார் என்று சக பயனர்கள் பலமுறை புகார் கூறினர். 2015 பிப்ரவரியில்தான் நடுவர் குழு அவரது நிர்வாகி உரிமையைப் பறித்து, அவருக்குத் தடை விதித்தது.

இந்தத் தாமதத்தின் விலை சிறிதன்று. 2013-ல் ஏர்செல் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு விக்கிப்பீடியாவைக் கட்டணமின்றி வழங்கத் தொடங்கியது. கட்டணமின்றிக் கிடைத்தது கலைக்களஞ்சியம் மட்டுமே. அதைச் சரிபார்க்க உதவும் பிற தளங்கள் அல்ல. செகந்திராபாத் மாரெட்பள்ளியிலோ, மதுரையிலோ மகனின் படிப்புக்காகப் பல லட்சம் ரூபாய் புரட்டும் குடும்பம் மானியக் குழுவின் கோப்புகளைத் தேடிப் போவதில்லை. கலைக்களஞ்சியம் சொல்வதையே நடுநிலையான சான்றாகக் கொள்கிறது.

சிக்கலின் வேர்: தன்னார்வலர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. அச்சிலோ இணையத்திலோ வெளிவந்த நம்பத்தகுந்த ஆதாரங்களைக் கொண்டே விக்கிப்பீடியாவில் எழுத முடியும். அந்த ஆதாரங்களே முடக்கப்பட்டால் எஞ்சுவது விளம்பரம்தான்.

ஐஐபிஎம் குறித்துக் கட்டுரை வெளியிட்ட 'கேரவன்' இதழ் மீது 2011-ல் ரூ. 50 கோடி கோரி வழக்குத் தொடரப்பட்டது. தில்லியில் அல்ல, அசாமின் சில்சாரில். 2013-ல் குவாலியர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 73 இணைய முகவரிகள் முடக்கப்பட்டன. அந்நிறுவனத்துக்கு அங்கீகாரம் இல்லை என்று மானியக் குழு வெளியிட்ட அறிவிப்பும் அவற்றில் ஒன்று! எம்பிஏ, பிபிஏ போன்ற பெயர்களைப் பயன்படுத்த அந்நிறுவனத்துக்குத் தில்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது 2014 செப்டம்பரில்தான்.

விதியும் நடைமுறையும்: பணம் பெற்று எழுதுவோர், யாருக்காக எழுதுகிறோம் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என 2014 ஜூனில் விக்கிமீடியா விதி வகுத்தது. அறிவிப்பவரை அது கட்டுப்படுத்தும். ஒளிந்திருப்பவரை என்ன செய்யும்? மறு ஆண்டே, ஒன்றோடொன்று தொடர்புடைய 381 கணக்குகள் ஆங்கில விக்கிப்பீடியாவில் முடக்கப்பட்டன. கட்டுரை நிராகரிக்கப்பட்ட சிறு நிறுவனங்களை அணுகி, பணம் தந்தால் வெளியிடச் செய்வதாகப் பேரம் பேசிய கும்பல் அது.

தவறான தகவலை எதிர்க்கும் உரிமை நிறுவனங்களுக்கு உண்டு. கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் ஆதாரத்துடன் திருத்தம் கோரலாம். நீதிமன்றத்தையும் நாடலாம். ஆனால், விவாதத்தையே அகற்றுவது தீர்வாகாது. ஏஎன்ஐ செய்தி நிறுவனம் தொடுத்த வழக்கைப் பற்றிய விக்கிப்பீடியா பக்கத்தை நீக்கத் தில்லி உயர் நீதிமன்றம் 2024-ல் பிறப்பித்த உத்தரவை, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது கவனிக்கத்தக்கது.

ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர்களுக்குத் தேவை அச்சமின்றி எழுதும் பத்திரிகைகளும், முடக்க முடியாத அரசு அறிவிப்புகளும்தான். விளம்பரத்தை வாங்கிக்கொண்டு விசாரணையைத் தவிர்த்த இதழ்களுக்கும் இதில் பங்குண்டு. வெளியே உண்மை அச்சேறாதவரை, கலைக்களஞ்சியத்தின் உள்ளே அதைத் தேடிப் பயனில்லை.