களவுபோன பாடவேளை

இவ்வருட முற்பகுதியில் பாடசாலையொன்றின் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குச் சென்றிருந்தேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பயிலும் பாடசாலை அது. அணிநடை, பிரதம விருந்தினர் உரை, கேடயங்கள் என ஒரு குறையுமில்லை. ஆனால் பிற்பகல் முழுவதும் ஓடியவர்களும் பாய்ந்தவர்களும் அதே நாற்பது ஐம்பது பேர்தாம். ஏனையோர் கூடாரங்களின் கீழ் ரோல்சும் குளிர்பானமுமாக அமர்ந்து கைதட்டினார்கள். "எங்கட பிள்ளையள் விளையாட்டில வலு கெட்டிக்காரர், ஐயா" என்றார் அருகிலிருந்த ஆசிரியர். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். சிரித்துவிட்டு எழுந்து போனார்.

பதினொன்று முதல் பதினேழு வயதுவரையான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். 146 நாடுகளின் தரவுகளைக் கொண்டு அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019 இல் வெளியிட்ட கணிப்பின்படி, 2016 இல் இவ்வயதினரில் 81 சதவீதமானோர் இதனை எட்டவில்லை. பெண்பிள்ளைகளில் அது 85 சதவீதம்.

நமது பாடசாலைகளில் இந்தக் குறையைச் சற்றேனும் நிரப்பவேண்டிய உடற்கல்விப் பாடவேளைக்கு என்ன நடக்கிறது? பாடத்திட்டம் முடியவில்லை என்று கணித ஆசிரியர் கேட்பார், கொடுக்கப்படும். மறுவாரம் விஞ்ஞானம். களவு என்றே இதனைச் சொல்வேன். கணிதப் பாடவேளையை மரதன் ஓட்டத்துக்குக் கேட்டுப் பாருங்கள், பெற்றோர் வாயிலில் நிற்பார்கள்! சாதாரண தரத்தில் அப்பாடம் விருப்பத் தெரிவாகிவிடுகிறது. தெரிவுசெய்த பிள்ளையும் கரப்பந்தாட்டமே இந்நாட்டின் தேசிய விளையாட்டு என்றும், ஆண்களுக்கான வலையின் உயரம் 2.43 மீற்றர் என்றும் பிழையின்றி எழுதுகிறான். அந்த வலைக்கு மேலால் ஒரு தடவையாவது பந்தை அடித்தானா என்பதற்குப் புள்ளியில்லை.

இன்னொன்று. வீட்டுப்பாடம் செய்யாதவனைத்தான் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுகிறோம். ஓட்டத்தைத் தண்டனையாக்கிவிட்டு, பிள்ளைகள் ஓட விரும்புவதில்லை என்று அங்கலாய்க்கிறோம். பருமனான பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைத்து, அவன் மைதானப் பக்கமே வராமற் செய்துவிடுபவர்களில் ஆசிரியர்களும் உண்டு.

பெற்றோரை மட்டும் விட்டுவிடலாமா? நானே குற்றவாளி. என் மகன் பத்தாம் வகுப்பிலிருந்தபோது காற்பந்தாட்ட அணியிலிருந்து அவனை நிறுத்தியவன் நான். பாடசாலை விட்டதும் ரியூசன், அது முடிந்ததும் இன்னொரு ரியூசன், இடையில் மோட்டார் சைக்கிளில் ஏற்றியிறக்க நான். கையில் ஒரு குளிர்பானப் போத்தலையும் வாங்கிக் கொடுப்பேன். பெறுபேறு நன்றாகவே வந்தது. இருபத்தேழு வயதில் இன்று அவன் நீரிழிவுக்கு மாத்திரை விழுங்குகிறான். எங்கள் பரம்பரையிலும் அந்நோய் உண்டுதான். அதனாலேயே நான் கூடிய கவனமெடுத்திருக்க வேண்டும்.

மகள்மாரின் கதை இதைவிட மோசம். பருவமடைந்த நாளோடு "இனியென்ன ஓட்டமும் பாய்ச்சலும்" என்று வீட்டில் ஒரு குரல் எழும். பாடசாலையும் அதற்கு உடன்பட்டுவிடும்.

குளிர்பானங்களுக்கு 2016 ஆகஸ்ட் முதல் நிறக்குறியீடு வந்தது. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனியிருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள். ஆக, பத்துக் கிராம் சீனி கொண்ட பானத்துக்குச் சிவப்பு இல்லை. அதன் நானூறு மில்லிலீற்றர் போத்தலில் நாற்பது கிராம் சீனி. கம்பனிகளுக்கு இதைவிட வசதியான கோடு வேறென்ன?

2022 இன் நெருக்கடிக்குப் பின் பிள்ளைகள் பசியோடிருக்கையில் பருமனைப் பற்றி எழுதுவதா என்று ஒரு நண்பர் கோபித்தார். பசியை நான் மறுக்கவில்லை. மெலிந்த பிள்ளையும் பருத்த பிள்ளையும் ஒரே வாங்கில்தான் இருக்கிறார்கள். ஒருவனுக்குச் சத்துணவு வேண்டும், மற்றவனுக்குச் சீனி குறையவேண்டும், மைதானம் இருவருக்கும் வேண்டும்.

அதிபர்களிடம் நான் கேட்பது பணமல்ல, புதிய மைதானமுமல்ல. அடுத்த தவணை முடிவில் பெற்றோர் கூட்டத்தில் ஒரு கணக்கை வாசியுங்கள்: நேரசூசியில் இருந்த உடற்கல்விப் பாடவேளைகள் எத்தனை, உண்மையில் மைதானத்தில் நடந்தவை எத்தனை, மிகுதியை எடுத்துக்கொண்ட பாடங்கள் எவை.