போருக்கு இட்ட பெயர்

பொருளுக்குப் பெயரிடுதல் அறிவின் தொழில். இட்ட பெயரை மாற்றியிடுதல் பெரும்பாலும் அதிகாரத்தின் தொழில். வீட்டிற் செய்தித்தாள் வாசிக்கும் பெற்றோரும் வகுப்பில் இலக்கணம் பயிலும் மாணவரும் ஒருங்கே சிந்திக்கத்தக்க விடயம் இது. ஆகையால் இவ்வாரம் இலக்கணத்தினின்றே தொடங்குவோம்.

நன்னூலார் தகுதி வழக்கினை மூன்றாக வகுத்தார். அவையிற் சொல்லத்தகாததை மறைத்து வேறு வகையாற் கூறுதல் இடக்கரடக்கல். அமங்கலமானதை மங்கலச் சொல்லாற் கூறுதல் மங்கலம். செத்தாரைத் 'துஞ்சினார்' என்பதும், சுடுகாட்டை 'நன்காடு' என்பதும் அதற்கு உதாரணங்கள். ஒரு கூட்டத்தார் ஒரு பொருளின் பெயரை ஒழித்துத் தமக்குள் வேறு சொல்லால் வழங்குதல் குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றது போல. இம்மூன்றும் குற்றமல்ல. முதலாவது நாகரிகம், இரண்டாவது துயருற்றார்பாற் காட்டும் இரக்கம், மூன்றாவது தொழிலின் வசதி. 'துஞ்சினார்' என்பவன் இறந்தவரின் சுற்றத்தார் மனம் நோகாதபடி பேசுகின்றான். கொன்றவனே அச்சொல்லை எடுத்து வழங்குவானாயின் அதனை யாதென்பது? இரக்கத்தின் மொழி பொறுப்பினின்று தப்பும் மொழியாக மாறுவது அவ்விடத்திலேயாம்.

கடந்த நூற்றாண்டில் இதற்குத் தெளிவான சான்று கொரியப் போராகும். 1950 யூன் 25ஆந் திகதி வட கொரியப் படைகள் தெற்கினுட் புகுந்தன. சில நாட்களுள் அமெரிக்கப் படைகளும் களத்தில் இறங்கின. யூன் 29ஆந் திகதி பத்திரிகையாளரைச் சந்தித்த ஜனாதிபதி ட்றூமன், தமது நாடு போரில் ஈடுபடவில்லை என்றார். ஐக்கிய நாடுகள் சபையின் கீழ் நிகழும் 'பொலிஸ் நடவடிக்கை' என்று இதனைக் கூறலாமா என ஒருவர் வினவ, அவரும் அதனை ஏற்றுக்கொண்டார். இது வெறுஞ் சொல் விளையாட்டன்று. அமெரிக்க அரசியல் யாப்பின்படி போர் பிரகடனஞ் செய்யும் அதிகாரம் காங்கிரஸ் சபைக்கே உரியது. பொலிஸ் நடவடிக்கைக்கோ அத்தகைய பிரகடனம் வேண்டியதில்லை. 1953 யூலை 27ஆந் திகதி போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகுமுன், அமெரிக்கர் மட்டும் முப்பதினாயிரவருக்கு மேல் மாண்டனர். கொரிய மக்களுள் மாண்டோர் பல இலட்சம். காங்கிரஸ் சபை இறுதிவரை போர் பிரகடனஞ் செய்யவேயில்லை. ஒரு சொல், ஒரு சபையின் வாயிலைத் தாண்டிச் செல்லும் வழியாக அமைந்தது.

அக்காலத்திலேயே மலாயாவிலும் இதுபோன்றதொன்று நிகழ்ந்தது. நம்மவர் பலர் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்த நாடாதலால், அதன் கதை யாழ்ப்பாணத்து வீடுகளுக்குப் புதிதன்று. 1948 முதல் 1960 வரை பிரித்தானிய அரசுக்கும் பொதுவுடைமைக் கெரில்லாக்களுக்கும் நடந்த போர், அரசாங்க ஏடுகளில் 'அவசரகாலம்' எனவே குறிக்கப்பட்டது. மறுதரப்பினர் அதனையே 'விடுதலைப் போர்' என்றனர். காட்டோரங்களில் வாழ்ந்த, பெரும்பாலும் சீனரான, ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, முட்கம்பி வேலி சூழ்ந்த குடியிருப்புகளிற் சேர்க்கப்பட்டனர். அவற்றின் பெயர் 'புதுக் கிராமங்கள்'. பெயரை மாத்திரம் கேட்பவன் கிணற்றடியையும் கோயிலையும் நினைப்பானேயன்றி, வேலியையும் காவலையும் நினையான்.

அதிகாரம் சில வேளைகளில் தன் சொல்லை வழங்குவதுடன் அமையாது, பிறர் சொல்லைத் தண்டிக்கவும் முற்படும். 2022 பெப்ரவரியில் உக்ரேன்மீது தான் தொடுத்த போரை ரஷ்ய அரசு 'சிறப்பு இராணுவ நடவடிக்கை' என்றது. படையினர் பற்றிப் 'பொய்ச் செய்தி' பரப்புவோருக்குப் பதினைந்து ஆண்டுகள் வரை சிறை விதிக்கும் சட்டம் மார்ச்சு மாதத்திலேயே பிறந்தது. மொஸ்கோ உள்ளூராட்சி உறுப்பினரான அலெக்சி கொரினோவ், சபைக் கூட்டமொன்றிற் போரைப் போர் என்று கூறிக் கண்டித்தமைக்காக அவ்வாண்டு யூலையில் ஏழாண்டுச் சிறை பெற்றார். பெயரில் ஒன்றுமில்லை என்பார் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

இனி, தொலைவிலுள்ளாரை விடுத்து நமது வாயிலுக்கு வருவோம். 2009ஆம் ஆண்டு வன்னியில் முடிவுற்ற போரை அரசாங்கம் 'மனிதாபிமான நடவடிக்கை' என்றது. மக்கள் சென்றடையுமாறு கூறப்பட்ட நிலம் 'பாதுகாப்பு வலயம்' எனப்பட்டது. அதனுள்ளும் எறிகணைகள் வீழ்ந்தன. அப்போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 வரையிலான குடிமக்கள் மாண்டிருக்கலாமென நம்பத்தகுந்த பலர் மதிப்பிட்டுள்ளதாக, ஐக்கிய நாடுகள் சபைச் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் அறிவித்தது. விடுதலைப் புலிகள் மக்களை வெளியேறவிடாது தடுத்ததையும் தப்பியோடினோரைச் சுட்டதையும் அதே அறிக்கை கூறிற்று. எஞ்சி வந்தோருள் 250,000க்கு மேற்பட்டோர் முட்கம்பிக்குள்ளே, வெளியே செல்ல அனுமதியின்றிப் பல மாதங்கள் வைக்கப்பட்டனர். அவ்விடங்களுக்கு 'நலன்புரி நிலையங்கள்' என்று பெயர். சுடுகாட்டுக்கு 'நன்காடு' எனப் பெயரிட்ட மங்கல வழக்கு, உயிரோடிருந்தாரின் முகாமுக்கும் வந்து சேர்ந்தது.

அரசாங்கத்தின் சொல்லைச் சோதிப்பது நமக்கு எளிது. நம்மிடையே வழங்கும் சொல்லைச் சோதிப்பதே அரிது. 'இடம்பெயர்ந்தோர்' என்று நாள்தோறும் எழுதுகின்றோம். 'பெயர்தல்' தன்வினை, 'பெயர்த்தல்' பிறவினை. இடம்பெயர்ந்தார் எனின், தாமாகவே எழுந்து நடந்தவர் என்றன்றோ பொருள்படும்? 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தார்க்கு அவர்கள் அளித்த அவகாசம் சில மணி நேரமேயாகும். அதனையும் 'இடம்பெயர்வு' என்றே சொல்லிக் கடந்துபோவார் நம்முள் இன்றும் உளர். பிறர் நமக்கு இழைத்ததைப் பிறவினையிலும், நம்மவர் பிறர்க்கு இழைத்ததைத் தன்வினையிலும் எழுதும் பழக்கம் இலக்கணப் பிழை மாத்திரமன்று. அவ்வாறே 'துரோகி' என்னுஞ் சொல்லும் குற்றச்சாட்டு, விசாரணை, தீர்ப்பு மூன்றையும் தன்னுள் அடக்கிக்கொண்டு எத்தனையோ வீடுகளை இருளாக்கிற்று. அச்சொல்லைக் கேட்டபின் சான்று யாதென்று வினவத் துணிந்தார் மிகச் சிலரே.

மாணவர்களே, இதற்கு மாற்று உங்கள் இலக்கணப் பாடத்திலேயே உண்டு. 'படையினர் ஊரை அழித்தனர்' என்பது ஒரு வாக்கியம். இதில் எழுவாயும் உண்டு, செயப்படுபொருளும் உண்டு. 'ஊர் அழிக்கப்பட்டது' என்றால் அழித்தவர் மறைகின்றார். 'அழிவு ஏற்பட்டது' என்றால் ஊரும் மறைகின்றது. 'அசம்பாவிதம் இடம்பெற்றது' என்றாலோ அழிவும் மறைகின்றது. செய்தி மாத்திரம் எஞ்சுகின்றது. நான்கு வாக்கியங்களும் ஒரே நாளில் ஒரே ஊரில் நிகழ்ந்ததையே கூறுகின்றன. நான்காவதை வாசித்தவன் காலை உணவை அமைதியாக முடித்துக்கொண்டு எழுந்துவிடுவான்.

செயப்பாட்டுவினை எங்கும் பிழையென்று நான் கூறவில்லை. செய்தவர் யாரெனத் தெரியாதபோது அதுவே நேர்மையான வழக்கு. தெரிந்தும் மறைப்பதே பிழை. ஆகவே போர் பற்றிய செய்தியொன்று கைக்கு வரும்போது மூன்று வினாக்களைத் தொடுத்துப் பாருங்கள். செய்தவர் யார்? எவர்க்குச் செய்தார்? இச்செயலை என் வீட்டார்க்கு ஒருவர் செய்திருப்பின், இதே சொல்லால் நான் குறிப்பேனா? மூன்றாவது வினாவை எத்தரப்பாரின் அறிக்கைக்கும் தொடுத்தல் வேண்டும். நமக்கு உவப்பான தரப்பாரின் அறிக்கைக்கு இருமுறை தொடுத்தல் வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளைகளுக்கு அப்போரைப் பற்றிச் சொல்ல நேரும்போது, அவர்களின் வயதறிந்து மென்மையாகச் சொல்லுங்கள். அது தகுதி வழக்கு. ஆயின் எழுவாயை மறைத்துச் சொல்லாதீர்கள். யார் செய்தாரென்பதை அறியாது வளரும் பிள்ளை, நாளை தன் பெயரால் ஒன்று செய்யப்படும்போதும், செய்கின்றவர் யாரென்று கேட்க அறியாது நிற்கும்.