பாலம் வாங்கியவரின் எஞ்சின்

தேம்ஸ் நதியின் மீது 1831 முதல் நின்ற லண்டன் பாலத்தை, 1968 இல் ஓர் அமெரிக்கர் 24 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு வாங்கி அரிசோனா பாலைவனத்தில் நிறுத்தினார் என்பது பலரும் அறிந்த கதை. டவர் பிரிட்ஜ் என்று நினைத்து ஏமாந்துபோய் வாங்கினார் எனக் கேலி பேசுவோரும் உண்டு. விற்பனையில் முன்னின்ற லண்டன் மாநகர சபை உறுப்பினர் இவான் லக்கின் அதனை மறுத்திருக்கிறார். கேலி ஓயவில்லை.

அந்த மனிதர் ரொபர்ட் மக்கலொக் (1911-1977). பாலம் வாங்கியவர் என்றே உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது நியாயமல்ல என்பது என் கருத்து. அவர் எஞ்சின் செய்தவர். நகரமும் பாலமும் அந்த எஞ்சினுக்குப் பின்னால் வந்தவை.

பாட்டனாரிடமிருந்து பெருஞ்செல்வம் பெற்றவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பணத்தை அவர் பூட்டி வைக்கவில்லை. மில்வோக்கியில் சுப்பர்சார்ஜர் செய்தார். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளி வலுவைக் கூட்டும் கருவி அது. 1943 இல் அந்தக் கம்பனியை விற்றுவிட்டுக் கலிபோர்னியாவில் மீண்டும் தொடங்கினார். 1957 ஆம் ஆண்டின் ஃபோர்ட் தண்டர்பேர்ட் கார்களில் பூட்டப்பட்டதும் அவரது தயாரிப்பே. அதே ஆண்டு நாஸ்கார் பந்தயங்களில் சுப்பர்சார்ஜர்கள் தடைசெய்யப்பட்டன. எஞ்சின் செய்பவனுக்கு இதைவிட நற்சான்று வேறு என்ன வேண்டும்?

ஆயினும் அவரது பெரிய கொடை, மரம் அறுக்கும் சங்கிலி வாளிலிருந்து வந்தது. 1956 இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் புல்வெட்டி எஞ்சினைப் பூட்டி முதலாவது கார்ட் வண்டியை உருவாக்கினார். மக்கலொக் 1959 இல் தமது வாளின் எஞ்சினை மாற்றியமைத்து, கார்ட் வண்டிக்கென்றே எம்சி-10 என்ற பெயரில் சந்தைப்படுத்தினார். கையில் தூக்கி மரம் அறுப்பதற்காகச் செய்யப்பட்ட எஞ்சின் பாரமற்றது; வேகமாகச் சுழல்வது. சிறிய வண்டிக்கு அதுவே தேவைப்பட்டது. காலப்போக்கில் இத்தாலிய எஞ்சின்கள் அதனைப் பின்தள்ளிவிட்டன. ஆனால் சென்னா, புரோஸ்ட், ஷூமாக்கர், ஹமில்டன் என ஃபோர்முலா வண் வீரர்கள் பலரும் ஏறிவந்த படி கார்ட் பந்தயம்தான்.

நகரம் பிறந்ததும் இதே வழியில். படகுகளுக்கான வெளிப்புற மோட்டார்களைச் சோதிக்க அவருக்கு நீர்நிலை வேண்டியிருந்தது. கொலராடோ ஆற்றில் 1938 இல் கட்டிய பார்க்கர் அணையால் உருவான ஹவாசு ஏரிக்கரையில் 1958 இல் நிலம் வாங்கினார். 1963 இல் மேலும் பெரும் பரப்பை வாங்கி நகரம் அமைத்தார். வாள் தொழிற்சாலையை அங்கே கொண்டுவந்தார். டிஸ்னிலான்டை அமைப்பதில் பங்கெடுத்த சி. வி. வூட் நகரைத் திட்டமிட்டார். காணி வாங்க விரும்பியோர் இலவசமாக விமானத்தில் அழைத்துவரப்பட்டனர். பாலமும் காணி விற்பதற்கான விளம்பரமே. முதலில் வறண்ட தரையில் பாலத்தைக் கட்டிவிட்டு, பிறகுதான் அதன் கீழே கால்வாய் வெட்டினார்கள்! 1971 ஒக்டோபர் 10 இல் திறப்புவிழா நடந்தது.

1994 இல் 53 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவான அந்த ஊரில், 2020 கணக்கெடுப்பின்படி 57,144 பேர் வசிக்கிறார்கள். தொழிற்சாலை எப்போதோ வெளியேறிவிட்டது. மக்கலொக் என்ற வணிகப் பெயர் இன்று சுவீடனின் ஹஸ்க்வார்னா நிறுவனத்திடம் இருக்கிறது. ஆனால் எஞ்சின் ஓசை போகவில்லை. 1980களில் தொடங்கி நீண்டகாலம் ஜெட் ஸ்கி உலக இறுதிப் போட்டிகள் அந்த ஏரியில்தான் நடந்தன.

இந்தப் புகழுரையில் ஒரு குறை உண்டு. அணை கட்டியபோது செமெஹுவேவி பழங்குடியினரின் நிலம் நீரில் மூழ்கியது. அது மக்கலொக்கின் செயலல்ல. ஆனால் அவர் விற்ற ஏரிக்கரை அவ்வாறு உண்டானதே. கொலராடோ ஆற்றில் தண்ணீர்ப் பற்றாக்குறையை அமெரிக்க மத்திய அரசு 2021 இல் முதன்முறையாக அறிவித்தது. மேலே மீட் ஏரியின் பாறைகளில் நீர் வடிந்த வெள்ளைத் தடம் தெரிகிறது. தென் கலிபோர்னியாவுக்கும் பீனிக்ஸுக்கும் தண்ணீர் இறைக்கும் பம்புகளுக்காக ஹவாசு ஏரியின் மட்டத்தை மட்டும் அநேகமாகக் குறையாமல் வைத்திருக்கிறார்கள். பாலத்தின் கீழே படகோட்டுவோரின் கண்ணுக்கு அந்த வெள்ளைத் தடம் படுவதில்லை.