கரியாஹாட் டிராம்: நஷ்டம் யாருடைய கணக்கில்?

கல்கத்தா கரியாஹாட் டிராம் பணிமனையின் ஒரு பகுதி 2020-ல் காட்சிக்கூடமாக்கப்பட்டது. பழைய வண்டிகளை நிறுத்திவைத்து, பார்க்க வருவோருக்குத் திறந்துவிட்டார்கள். நான்கே ஆண்டுகளில், 2024 செப்டம்பரில், நகரத்து டிராம் முழுவதற்கும் ஏறக்குறைய அதே கதி என்று மாநில அரசு அறிவித்தது. எஸ்பிளனேட் - மைதானம் இடையே மட்டும் பழம்பெருமைக்காக வண்டி ஓடும். மற்றத் தடங்கள் நிறுத்தப்படும் என்பது அறிவிப்பின் சாரம்.

1873-ல் குதிரை இழுத்த வண்டியாகச் சியால்டாவில் தொடங்கி, 1902-ல் மின்சாரத்துக்கு மாறிய போக்குவரத்து இது. இந்திய நகரங்களில் எஞ்சியதும் இது ஒன்றே.

அரசு சொன்ன காரணம்

கல்கத்தாவின் பரப்பில் சாலைக்கு உள்ள பங்கு 6 சதவீதமே. அந்தக் குறுகிய இடத்தில் மெதுவாக நகரும் டிராம் நெரிசலை உண்டாக்குகிறது என்பது அரசின் வாதம். இதை அடியோடு தள்ளிவிட முடியாது. மழை நாளில் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கி விழுந்த ஸ்கூட்டர்காரர்களும் உண்டு. நேரத்துக்கு ஆபீஸ் போக வேண்டிய குமாஸ்தா டிராமை நம்பாமல் பஸ் ஏறியதும் உண்மை.

ஆனால் டிராம் மெதுவாகப் போனது ஏன்? முன்பு அகலமான சாலைகளில் நடுவே டிராமுக்கென்று தனிப் பாதை இருந்தது. பின்னர் பல இடங்களில் அதைச் சிமெண்டுத் தளமாக்கி, மோட்டார்களுக்கும் திறந்துவிட்டார்கள். தண்டவாளத்தின்மேல் கார் நின்றால் டிராம் ஒதுங்கிப் போக முடியாது. வழியை மறித்துவிட்டு, வண்டி ஊர்கிறது என்று குறை சொல்வது என்ன நியாயம்? 2020 மே மாதம் ‘அம்பன்’ புயலில் மின்கம்பிகள் அறுந்த தடங்களில் பல மீண்டும் ஓடவே இல்லை. வண்டி குறைய ஆள் குறைந்தது. ஆள் குறைய நஷ்டம் கூடியது.

இரண்டு நகரங்கள்

சென்னைத் தமிழர்களுக்கு இது புதுக் கதை அல்ல. இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895-ல் சென்னையில்தான் ஓடியது. கம்பெனி நொடித்துப்போய் 1953 ஏப்ரலில் அது நின்றது. அதே 1953-ல் கல்கத்தாவில், பிரிட்டிஷ் டிராம் கம்பெனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள், உயர்வு கைவிடப்பட்டது. 1967-ல் நிர்வாகத்தையும், 1976-ல் கம்பெனியையும் அரசே எடுத்துக்கொண்டது. ஒரு பைசாவுக்காகப் போராடிய நகரம் தடங்கள் ஒவ்வொன்றாக மூடியபோது அவ்வளவு சத்தம் போடவில்லை.

சென்னையில் தண்டவாளம் போய் 62 ஆண்டுகளுக்குப் பின், 2015-ல் மெட்ரோ வந்தது. பாரிஸ் நகரம் 1930-களில் டிராமைப் பிடுங்கி எறிந்துவிட்டு, 1992-ல் புறநகரில் மறுபடி புதிதாகப் போட்டது. பிடுங்குவதற்கு ஆகும் செலவு கொஞ்சம். திரும்பப் போட ஆகும் செலவு கொஞ்சமல்ல.

மெட்ரோ போதாதா?

நாட்டின் முதல் மெட்ரோ 1984 அக்டோபர் 24-ல் எஸ்பிளனேட் - பவானிப்பூர் இடையே 3.4 கிலோமீட்டர் ஓடியது. 2024 மார்ச்சில் ஹூக்ளி நதிக்கு அடியிலும் ஓடியது. பெருமைதான். ஆனால் கரியாஹாட் நாற்சந்தியில் மெட்ரோ நிலையம் இல்லை. காளிகாட் நிலையத்துக்கு ராஷ்பிஹாரி அவென்யூ நெடுகப் போக வேண்டும். பாலிகஞ்ச் ஸ்டேஷனிலிருந்து கரியாஹாட், லேக் மார்க்கெட் வழியாக டோலிகஞ்சுக்குப் போன டிராம் அந்த இடைவெளியை நிரப்பியது. கானிங், லக்ஷ்மிகாந்தபூர் லோக்கல்களில் பாலிகஞ்சில் வந்து இறங்கும் வீட்டு வேலைப் பெண்களும், நடைபாதை வியாபாரிகளும், லேக் மார்க்கெட் தமிழர்களும் ஏறியது அதில்தான். அவர்கள் கையில் உள்ளது சில்லறை. ஆட்டோவுக்கும் டாக்ஸிக்கும் அது காணாது.

கணக்கில் வராதவை

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு குறைவு. ரப்பர் டயர் வண்டியைவிடக் குறைந்த சக்தியில் அதே சுமையை இழுக்கும். புகை இல்லை. மின்சார பஸ்ஸுக்கும் புகை இல்லைதான்; ஆனால் பாட்டரி தேய்ந்தால் மாற்ற வேண்டும். மேல்கம்பி மின்சாரத்தில் ஓடும் டிராமுக்கு அந்தச் செலவு இல்லை. இவையெல்லாம் வரவு-செலவுப் புத்தகத்தில் வரவாக எழுதப்படுவதில்லை. கார் அடைத்துக்கொள்ளும் தெருவுக்கு வாடகையும் யாரும் எழுதுவதில்லை. டோலிகஞ்ச் போன்ற பணிமனைகளின் நிலம் நீண்ட காலக் குத்தகைக்குப் போனதையும் கணக்கோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தண்டவாளம் போனால் அடுத்து நிலம்தானே?

2025 ஜனவரியில் கல்கத்தா உயர் நீதிமன்றம், டிராம் தண்டவாளங்களின்மேல் தார் ஊற்றி மூடக் கூடாது என்று தடுத்தது. அந்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் அப்போதைய தலைமை நீதிபதி, சென்னைக்காரரான டி.எஸ். சிவஞானம். ஆனால் கோர்ட் தண்டவாளத்தைக் காப்பாற்றலாம். வண்டியை ஓட்ட வேண்டியது நிர்வாகம்.

எல்லாத் தடமும் திரும்ப வேண்டும் என்பது நடக்கிற காரியம் அல்ல. ராஷ்பிஹாரி அவென்யூ போன்ற அகலச் சாலைகளிலாவது தண்டவாளத்தை மறுபடி டிராமுக்கே ஒதுக்கி, பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி என்று ஓராண்டு ஒழுங்காக ஓட்டிப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் ஆள் ஏறவில்லையானால் நிறுத்துவதைப் பற்றிப் பேசலாம். அந்தச் சோதனையைச் செய்யாமல் நஷ்டக் கணக்கை மட்டும் நீட்டுவது, பாதி ஏட்டை மறைத்துக்கொண்டு மீதியைப் படிப்பதாகும்.